சொக்கலிங்கத்துக்கு எழுதிய சீட்டு

“அம்பது வயசுல ட்ராக் பேன்ட் போட்டுக்கிட்டு பார்க்ல வாலிபாலா? இந்த டெக்சாஸ் ரவுண்ட் ராக்ல இருக்கிற தமிழ்க்காரங்க அத்தனை பேரும் சிரிப்பாங்க!” வாசலை மறித்துக்கொண்டு நின்றார் கணவர் வேதமூர்த்தி.

“எனக்கு சுகர். டாக்டரே எழுதிக் குடுத்துட்டார்” என்றாள் கோமதி, ஷூ லேஸை இறுக்கியபடி.

“எவன் அந்த டாக்டர்?”

சீட்டை நீட்டினாள். ‘சொக்கலிங்கம். வாரம் மூன்று நாள், பார்க்கில் வாலிபால். ஒரு நாளும் தவறக் கூடாது.’

கீழே வேதமூர்த்தியின் கையெழுத்து.

“இது... யாரோ பெரியவரோட ப்ளட் ரிப்போர்ட்டைப் பார்த்து நான் எழுதினதாச்சே!”

“உங்க கிளினிக் நர்ஸ்கிட்ட ரத்தம் குடுத்தது நான்தான். பாஸ்போர்ட்ல என் லாஸ்ட் நேம் எங்கப்பா பேரு, அதை மட்டும்தான் எழுதச் சொன்னேன். மாமனார் பேரே மறந்துடுச்சா?”

பந்தை இடுக்கிக்கொண்டாள்.

“தள்ளுங்க, டாக்டர்!”