அறுபத்தைந்து மில்லிமீற்றர்

கொம்பியூட்டர் சொல்கிறபடி மரம் வெட்டவென்று வீட்டிலேயே கட்டிய சீஎன்சி மெஷினுக்கு மரம் குடையும் ரவுட்டர் ஒன்று வேண்டியிருந்தது. சாவகச்சேரிக் கடையில் மூன்றை அளந்து பார்த்துத்தான் ஜெயதீபன் ஒன்றை எடுத்தான். அதன் உடம்பு அறுபத்தைந்து மில்லிமீற்றர். அதைப் பிடிக்க அவன் செய்துவைத்த வளையமும் அதே அளவு. புத்தூரில் வீட்டுக்குள் கொண்டுவந்தால் ரவுட்டர் வளையத்துக்குள் நுழையவில்லை. அளந்தால் அறுபத்தொன்பது. கடைக்குத் திரும்பக் கொண்டுபோனால் அறுபத்தைந்து. மூன்று தரம் பஸ் ஏறியதில் அவனுக்கு மண்டை கொதித்தது.

“என்னைப் பேயன் எண்டு நினைச்சீங்களோ, அண்ணை?”

“உன்ரை அளவுகோலைத் தூக்கி எறி. நானே வந்து அளக்கிறன்!” என்று கத்தினார் கடைக்காரர் ஏரம்பு.

தெருப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அளந்தார். அறுபத்தொன்பது.

“கள்ளன்! வேறை ஒண்டை மாத்தி வைச்சிட்டாய்!”

“ஆர் கள்ளன்? அடியிலை உங்கடை கடை ஸ்டிக்கர் கிடக்கு, பாருங்கோ!”

ஏரம்பு விறுக்கென்று வெளியே வந்து செருப்புக்குள் காலை விட்டார். இரண்டு குதிக்காலும் பின்னால் வெளியே நின்றன.

“ஆரடா என்ரை செருப்பை மாத்தினது?”

“அதுக்கேன் கத்துறியள்?” என்று சீறினான் ஜெயதீபன். “படலை தாண்டினாச் செருப்பு அளவா வந்திடும். எனக்கு நெடுக உதுதான். நீங்கள் ரவுட்டருக்குப் பதில் சொல்லுங்கோ!”