மூச்சு விடாத குழல்

"மூச்சு விடாதய்யா!"

மைக்கில் கத்தினார் ராஜேந்திரன். அடுத்த அறையில் குழல் நின்றது.

"விடாம எப்படி சார் வாசிக்கறது?" பலராமனின் குரல் ஸ்பீக்கரில் இரைத்தது.

"கம்ப்யூட்டர் வாசிக்குதே!"

"அதுக்கு நுரையீரல் இல்லீங்களே சார்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த எழிலரசி சிரிப்பை விழுங்கினாள்.

செங்கம் ரோட்டில் ஒரு மாடி. ரெண்டே அறை. ஒன்றில் கம்ப்யூட்டர், ஒன்றில் மைக். நடுவில் கண்ணாடி வைக்க வக்கில்லாமல் வெறும் சுவர். பெயர் மட்டும் ஸ்டுடியோ.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் முப்பது வருஷம் ஃபைல் தள்ளி ரிடயர் ஆனவர் ராஜேந்திரன். இப்போது இசையமைப்பாளர். ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. தேவையும் இல்லை. திரையில் கோடு ஓடும். கோட்டின்மேல் ஸ்வரத்தைப் புள்ளியாக வைத்தால் போதும். குழலென்றால் குழல், வயலினென்றால் வயலின், கம்ப்யூட்டரே அச்சு அசலாக வாசித்துவிடும். பாட்டையும் அதிலேயே பதிந்து, கலந்து, சிடி போட்டு விடலாம்.

அந்த சாப்ட்வேர் வந்த மூன்றாம் மாசமே மனுஷ ஜாதிமேல் அவருக்கு மரியாதை போய்விட்டது.

ஆனால் ஆறு சிடி கேட்ட கடைக்காரர் தசரதன் ஒற்றைக் காலில் நின்றார். "கிரிவலம் வர்றவங்களும், ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்களும் வாங்கறது சார். குழல் மட்டுமாவது ஆளு வாசிக்கணும். அட்டையில அவர் பேரு வரணும்."

வேறு வழியில்லாமல்தான் பலராமனை வரவழைத்தார். மூணாவது பாட்டில் நாற்பது விநாடி நீளத்துக்குக் குழல். ஒரு இடைவெளி கிடையாது. ராஜேந்திரன் புள்ளி வைத்துக்கொண்டே போயிருந்தார். கம்ப்யூட்டரும் வாசித்துக்கொண்டே போனது. பலராமனுக்கு இருபதாவது விநாடியில் காற்று தீர்ந்தது. காலையிலிருந்து பதினோரு தடவை.

"நடுவுல ஒரு சின்ன நிறுத்தம் வச்சிடலாமா சார்?" என்றாள் எழிலரசி.

"வச்சா அது என் பாட்டே இல்ல."

"ரெண்டு தடவையா எடுத்து ஒட்டிடறேனே?"

"ஒட்டுப் போட்ட சட்டையை நான் போட்டுக்கறதில்லம்மா."

பலராமனை இந்தப் பக்கம் கூப்பிட்டார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார் அவர். ஐம்பது வயசு. ஊரில் பாதிக் கல்யாணத்துக்கும் எல்லா நாட்டியக் கச்சேரிக்கும் அவர் குழல்தான்.

"எத்தினி வருஷமா ஊதற?"

"முப்பத்தஞ்சு வருஷமா சார்."

"அடுப்பு ஊதியிருந்தா சோறாவது வெந்திருக்கும். கெளம்பு."

 பலராமன் குழல்களைத் துணிப் பையில் அடுக்கத் தொடங்கினார். அவர் காதில் விழட்டும் என்றே ராஜேந்திரன் போனை எடுத்தார்.

"கீழ்பென்னாத்தூர் தருமனா? நாளைக்குக் காலைல வா. உனக்கு முதல் ரெக்கார்டிங்னு சொன்னாங்க. நாற்பது விநாடி, ஒரே மூச்சு. நீயும் இரைச்சீன்னு வையி, ஆறு சிடிக்கும் கம்ப்யூட்டர் குழலையே போட்டுட்டுப் போயிடுவேன். தசரதன்கிட்ட நான் பேசிக்கறேன். அப்புறம் எந்தக் குழல்காரனும் இந்த மாடிப்படி ஏற வேணாம்."

பலராமன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மறுநாள் பத்து மணிக்கு ராஜேந்திரன் வந்தார்.

"வந்துட்டானா?"

"அப்பவே வந்து மைக் முன்னால நின்னாச்சு சார்," என்றாள் எழிலரசி.

நாற்காலியில் சாய்ந்தார். "இவன் பத்து விநாடி தாங்கமாட்டான் பாரு. ம், ஓட்டு."

குழல் புறப்பட்டது.

பத்து விநாடி. இருபது. ராஜேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது. ஓர் இழை அறவில்லை. நாற்பது. கடைசி ஸ்வரத்தில் போய் நின்றது குழல்.

"அப்படிப் போடு!" தொடையில் தட்டினார். "பாத்தியாம்மா? கம்ப்யூட்டருக்கு ஒரு மயிரிழை கம்மியில்ல! நேத்து அந்தாளுக்கு எடங்குடுத்திருந்தா இது கெடைச்சிருக்குமா? வெரட்டணும். வெரட்டினாதான் வேலை நடக்கும்."

எழிலரசி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த சேதி மட்டும் அந்தப் பலராமனுக்குத் தெரிஞ்சுது, ஒரு வாரம் சோறு எறங்காது. குழல்காரனைப் பத்தி எனக்குத் தெரியாதா? தான் தோத்த எடத்துல இன்னொருத்தன் ஜெயிச்சா வயிறு எரிஞ்சே செத்துப்போவான். அவனுக்கு ஒரு போன் போடு. வந்து கேட்டுட்டுப் போவட்டும்."

"போன் எதுக்கு சார்? உள்ளதான் இருக்காரு."

"எவன்?"

எழுந்து போய் நடுக் கதவைத் தள்ளினார்.

ஒரே மைக்குக்கு முன்னால் ரெண்டு பேர், தோளோடு தோள் ஒட்டி. தருமன் கையில் ஒரு குழல். பலராமன் கையில் ஒரு குழல். ரெண்டு பேர் சட்டையும் நனைந்திருந்தது.

"நீ எங்கய்யா இங்க?"

பலராமன் குழலைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். தருமன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"கோச்சுக்காதீங்க சார். நேத்து சாயங்காலம் அண்ணனே பஸ் ஏறி எங்க வீட்டுக்கு வந்தாரு. 'அந்த எடத்துல எவனுக்கும் மூச்சு பத்தாது தம்பி, உன்னையும் வெரட்டிடுவாங்க. உனக்கு மூச்சு முடியற எடத்துல நான் புடிச்சிக்கறேன்; அட்டையில உன் பேரு மட்டும் வரட்டும்'னாரு."