சப்-ஊஃபர் வைக்கச் சரியான இடம்

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தை மூடிய வருஷம், அங்கே குடியிருந்து வெளியூர்க் கம்பெனியில் வேலை பார்த்த இன்ஜினியர் தாமோதரன், பாட்டின் அடித்தொனியான 'பேஸ்' அதிரக் கேட்பதற்கென்று சப்-ஊஃபர் என்ற ஸ்பீக்கர் பெட்டி ஒன்று வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் பாட்டுக் கேட்க வருவதாக இருந்தார். பாட்டோடு பாட்டாகப் புரமோஷனையும் பேசிவிடலாம் என்று திட்டம்.

பெட்டிக்கு இடம் பார்க்க ஒரு முறை உண்டு. நாம் உட்காரும் சோபாவில் அதை உட்காரவைத்துப் பாடவிட்டு, நாம் தரையில் தவழ்ந்து, எங்கே அதிர்வு நன்றாகக் கேட்கிறதென்று பார்க்க வேண்டும். நான்கு பேரை மேய்க்கும் அதிகாரி லுங்கியை மடித்துக் கட்டித் தவழ்ந்தார். சமையலறை வாசலில் முகம் மலர்ந்தது.

"இங்கதான் சரளா! இன்னா பேஸ் பாரு, தரையே தூக்குது!"

"இன்னாங்க, நான் இன்னும் பிளக்கே சொருகலியே" என்றாள் மனைவி.

"ஃபாரின் மால்டி. கரண்ட்டு இல்லாமலே வார்ம்-அப் ஆவும்."

சரளாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. மேனேஜர் வந்தபோதும் அவள் பெட்டியின் பிளக்கைச் சொருகவில்லை. டேப்பில் பாட்டு ஓடியது. "எக்ஸலென்ட் பேஸ்!" என்றார் மேனேஜர். தாமோதரன் அடக்கமாகத் தலைகுனிந்தார். பாட்டு முடிந்தது. பேஸ் முடியவில்லை.

சரளா தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சுரங்கம் ஓடி, அவளுடைய அப்பா அதில் வேலை பார்த்த காலத்தில், ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் என்ற இரும்புக் கூண்டு மேலே வரும்போது வீட்டுத் தரை இப்படித்தான் அதிரும். எழுந்து போய்ப் பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினாள்.

"காப்பியெல்லாம் எதுக்கும்மா?" என்றார் மேனேஜர்.

"உங்களுக்கு இல்ல சார். ஷிப்ட்டு முடிஞ்சி வர்றவங்க குளிக்கணும்."