பிறை கண்டாச்சு

"வாங்கக்கா. இன்னைக்கும் உங்க வீட்டுக்காரரு என் கையத் தட்டிவிட்டுட்டாரு" என்றாள் தாதி டிலானி. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்த கைரியா நின்றாள்.

வாய்ப்புற்றுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட மஸாஹிரால் பேச முடியாது. மூக்குக் குழாய் வழியாகத்தான் சத்துப்பால் போகவேண்டும். பகலில் யார் கிட்டே வந்தாலும் குழாயின் நுனியைப் பொத்திக்கொள்வார். இன்று என்ன நாள் என்ற கணக்குத் தப்பியும் ரமழான் நோன்பை விடவில்லை மனுஷன். நோயாளிக்குக் கடமையில்லை என்று மௌலவி வந்து சொல்லியும் கேட்கவில்லை. இரவில் மட்டும் கொடுப்பது போதாது, இப்படியே போனால் தையல் ஆறாது என்று டாக்டர் கத்திவிட்டுப் போயிருந்தார்.

கைரியா உள்ளே போனாள். புதுச் சேலை, அத்தர் வாசம்.

"இஞ்சப் பாருங்க, ராவு பிறை கண்டாச்சு. நோம்பு முடிஞ்சு, இன்டக்கிப் பெருநாள்!"

மஸாஹிர் அவள் சேலையையே பார்த்தார். கண் கலங்கியது. பொத்தியிருந்த கையை மெல்ல எடுத்தார்.

டிலானி அவசரமாகப் பாலை ஏற்றினாள். அது இறங்கி முடியும்வரை கைரியாவின் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை.

வெளியே வந்ததும் டிலானி தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள். "நல்ல நாளும் அதுவுமா வெறும் வயித்தோட நிக்காதீங்கக்கா. குடிங்க."

கைரியா கோப்பையைத் தள்ளிவைத்தாள்.

"வேணாம் மிஸ், எனக்கு நோம்பு. பெருநாள் அவருக்கு மட்டுந்தான்."