சிவப்பு மை

“சிவப்பு மையில எழுதக் கூடாதும்மா. கறுப்புல எழுதிட்டு வாங்க.”

தூதரகக் கவுன்ட்டரில் இருந்த குமாஸ்தா, டீச்சர் எழுதிய ஃபாரத்தை மேஜையில் போட்டுக்கொண்டு புது ஃபாரம் ஒன்றை நீட்டினார்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. காலையில் ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோதுதான், பக்கத்திலிருந்த கைப்பையை எவனோ அடித்துக்கொண்டு போனான். பாஸ்போர்ட், போன் எல்லாம் போச்சு. பேப்பர் கட்டையும் சிவப்புப் பேனாவையும் மட்டும் விட்டுவிட்டான். திருடனுக்கே வேண்டாத சொத்து.

வெளிநாட்டுக்குச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் பரீட்சைப் பேப்பர் எதற்கு என்று கேட்காதீர்கள். சில டீச்சர்கள் அப்படித்தான்.

“ராத்திரி ஒன்பது மணிக்கு ஃப்ளைட் சார். நாளைக்கு என் பொண்ணுக்குத் திடீர்னு பிரசவ ஆபரேஷன் வெச்சுட்டாங்க. என்னை விட்டா அவளுக்கு யாருமில்லை. ஊர் போய்ச் சேர ஒரு தற்காலிகச் சீட்டு கொடுத்தாப் போதும்.”

“கறுப்புல எழுதுங்கம்மா.”

வாட்ச்மேனிடம் பேனா இரவல் வாங்கி எழுதினார்.

“கையெழுத்து கட்டத்தைத் தாண்டுது. வேற எழுதுங்க.”

எழுதினார்.

“தேதியில அடிச்சுத் திருத்தியிருக்கீங்க. வேற எழுதுங்க.”

மணி நாலு. மற்ற கவுன்ட்டர்களை மூடிவிட்டார்கள். பலகையில் டீச்சரின் டோக்கன் நம்பர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

“முப்பது வருஷமா பசங்களுக்கு இம்போசிஷன் கொடுத்தவ நான். எனக்கேவா சார்?”

“நிதானமா எழுதுங்க.”

கல்லுளிமங்கன் என்று மனசுக்குள் திட்டினார் டீச்சர். ஐந்தாவது ஃபாரம் எழுதும்போது கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆஸ்பத்திரியில் மகள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஐந்தேகாலுக்குப் பெரிய ஆபீசரின் கார் வந்து நின்றது. குமாஸ்தா காகிதங்களை அள்ளிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினார். பத்தே நிமிஷத்தில் கவர் டீச்சர் கைக்கு வந்துவிட்டது.

டீச்சருக்கு உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

“நான் விடலை பார்த்தீங்களா? இதை நான் வந்த மூணரை மணிக்கே செஞ்சிருக்கலாமே சார்?”

“ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு. கிளம்புங்கம்மா.”

வாசலில் பேனாவைத் திருப்பிக் கொடுத்தபடியே பொரிந்து தள்ளினார். “ஈவிரக்கம் வேண்டாம்? சின்னச் சின்னத் தப்புக்கெல்லாம் ஒருத்தியை இப்படியா அலைக்கழிப்பார்?”

வாட்ச்மேன் குரலைத் தாழ்த்தினார். “கையெழுத்துப் போடற பெரிய ஆபீசர் மூணு மணிக்கே வெளியே போயிட்டாரும்மா. உங்க ஃபாரத்தை வாங்கி வெச்சிருந்தா டோக்கன் முடிஞ்சிருக்கும். நாலு மணிக்கு நாங்க பூட்டியிருப்போம், அவரும் அப்படியே வீட்டுக்குப் போயிருப்பார். அப்புறம் திங்கக்கிழமைதான். ஒரு டோக்கன் முடியாம நின்னா ஆபீஸைப் பூட்டக் கூடாது. பெரியவர் திரும்பி வந்தே ஆகணும். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

டீச்சர் அவசரமாகக் கவரைப் பிரித்தார்.

தற்காலிகச் சீட்டோடு, பெரிய ஆபீசர் கையெழுத்துப் போட்ட ஃபாரமும் பின் குத்தியிருந்தது.

அது, அவர் முதன்முதலில் எழுதிக் கொடுத்த சிவப்பு மை ஃபாரம்.