சமையல் மேடைக்கு வெள்ளைக் கல்

“இன்னாண்ணா இது? சமையல் மேடைக்குப் போய் யாராவது வெள்ளைக் கல்லு போடுவாங்களா?”

புதுப்பட்டினத்தில் அண்ணன் கட்டியிருந்த புது வீட்டைப் பார்க்க வந்த ஸ்வாதி, சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அண்ணன் சரவணகுமார் கையை விரித்தான்.

“எல்லாம் உங்க அண்ணி செலக்‌ஷன். கல்லு கடைக்காரரே வேணாம்னாரு. கறுப்பு கிரானைட்டு மேல தண்ணி ஊத்திக் காட்டினாரு, அப்படியே நின்னுச்சு. வெள்ளை மேல ஊத்தினா, பாத்துகினு இருக்கும்போதே குடிச்சிடுச்சு. ‘மஞ்சளையும் இப்படித்தாம்மா குடிக்கும். கறை எறங்காம இருக்க சீலர் பூசினாலும் ஒடனே ஒடனே தொடைக்கணும்’னு படிச்சுப் படிச்சு சொன்னாரு. கேட்டாத்தானே!”

மேடையின் ஓரத்தில் ஒரு தட்டளவு இடத்தில் ஏதோ வெள்ளையாகப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி, சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தது.

“இன்னா அண்ணி, கல்லுக்குக் கட்டுப் போட்டுகீறீங்க?”

“நேத்து மஞ்சள் கொட்டிடுச்சு ஸ்வாதி. சமையல் சோடாவைக் குழைச்சு மூடி வெச்சா கறைய மேல இழுத்துடும். அப்புறம் வழிச்சுக் கழுவிடலாம்” என்றாள் ஜெயப்பிரியா.

“கறுப்புக் கல்லு போட்டிருந்தா இந்தப் பேஜாரே இல்ல.”

“ஆமா” என்று ஜெயப்பிரியா சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஸ்வாதிக்குப் பிடிக்கவில்லை.

அம்மா சம்பூர்ணம் அடுப்பில் மீன் குழம்புக்குக் கூட்டிக்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகு அம்மாவுக்கு அடுப்படிதான் உலகம். தெருவில் யார் வீட்டு விசேஷமானாலும் ‘குழம்புக்குச் சம்பூர்ணத்தைக் கூப்பிடு’ என்பார்கள். அப்பேர்ப்பட்ட கை சட்டியில் மஞ்சள்தூளைப் போட, பாதி வெளியே விழுந்தது.

எங்கிருந்துதான் வந்தாளோ, ஈரத்துணியோடு ஜெயப்பிரியா பக்கத்தில் நின்றாள்.

“ஐயய்யோ, கொட்டிட்டனா?”

“நீங்க குழம்பப் பாருங்க அத்தை. இத நான் பாத்துக்கறேன்.”

ஸ்வாதி அண்ணியை முறைத்தாள். கல்லில் கறை பட்டுவிடுமே என்ற பயத்தில் பாவம், அம்மாவுக்குக் கை தடுமாறுகிறது! மருமகளோ துணியும் கையுமாகக் காவல் நிற்கிறாள்!

சாப்பிட்டு முடித்ததும் எழுந்தாள்.

“அம்மா, துணிமணியை எடுத்து வை. எங்க வூட்டுக்குப் போலாம்.”

“திடீர்னு இன்னாடி?”

“பெத்த பொண்ணு கூப்புட்றதுக்குக் காரணம் வேணுமா? எங்க வூட்டு மேடை கறுப்பு. நீ இன்னா வேணா கொட்டு. எவளும் துணிய எடுத்துகினு பின்னாடியே ஓடியாரமாட்டா!”

சரவணகுமாரின் முகம் சுண்டிப்போனது. அம்மா மகளையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜெயப்பிரியா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் துவைத்து மடித்த வெள்ளைத் துணி ஒன்று இருந்தது.

“ஸ்வாதி, அத்தை சமைக்கும்போது இத மேடைமேல விரிச்சுடு.”

‘அம்மா போற எடமெல்லாம் கொட்டுவாளாம், குத்திக் காட்றதப் பாரு!’ என்று ஸ்வாதிக்குத் தோன்றியது.

“எங்க வூட்ல துணிக்கு ஒண்ணும் பஞ்சமில்ல அண்ணி. இனிமே அம்மா எங்கூடத்தான் இருப்பாங்க. உங்க கல்ல நீங்களே பத்திரமா வெச்சுக்குங்க!”

வாய்ச்சண்டை வளர வேண்டாம் என்று சம்பூர்ணமே அந்தத் துணியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, செங்கல்பட்டில் ஸ்வாதியின் சமையலறை. கறுப்பு கிரானைட் மேடை கண்ணாடி மாதிரி பளபளத்தது.

“யாருக்கும் பயப்படாம சமைம்மா” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஸ்வாதி துணி உலர்த்தப் போனாள். திரும்பி வந்தவள் வாசலில் அப்படியே நின்றாள்.

அம்மா கல்லின்மேல் கையை வைத்து, அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டிருந்தாள். கறுப்புப் பிடி போட்ட கத்தி எதிரிலேயே கிடந்தது. விரல்கள் அதன் முனையை நோக்கிப் போயின.

ஸ்வாதி பாய்ந்து கையைப் பிடித்தாள்.

“அம்மா! கத்தி எதிர்லயே கீது, தெரியல?”

சம்பூர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள்.

“உங்கண்ணன்கிட்ட சொல்லிடாதடி. சர்க்கரை கண்ணுக்கு ஏறிடுச்சு. நானே பெரியாஸ்பத்திரில போய்க் காட்டிட்டுத்தான் வந்தேன். போன பார்வை வராதாம், மிச்சத்தக் காப்பாத்திக்கலாமாம். மருந்து போட்டுகினுதான் கீறேன். வெளிய சொன்னா என்னை அடுப்புப் பக்கம் வுடுவீங்களா?”

“அப்ப அண்ணன் வூட்ல எப்படிம்மா சமைச்ச?”

“அங்க வெள்ளைக் கல்லாச்சே! கத்தி, மொளகா, கருவேப்பில எல்லாம் பளிச்சுனு எடுத்துக் காட்டும். இங்க கறுப்புல எல்லாம் முழுகிப் பூடுது.”

ஸ்வாதி கத்தியை எடுத்துத் தள்ளி வைத்தாள். மெதுவாகக் கேட்டாள்.

“வெள்ளைக் கல்லு போடச் சொல்லி நீதான் அண்ணிகிட்ட கேட்டியா?”

“நான் எங்கடி கேட்டேன்? கண்ணு மங்கினது அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சா சமைக்க வுடுவாளா?”

ஸ்வாதி அம்மாவின் பையைத் திறந்தாள். அந்த வெள்ளைத் துணியை எடுத்துக் கறுப்புக் கல்லின்மேல் சுருக்கமில்லாமல் விரித்தாள். கத்தியை அதன் நடுவில் வைத்தாள்.

“ஆமாம்மா” என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. “அண்ணிக்கு ஒண்ணுமே தெரியாது.”