மூன்றாம் பொருள்

1986 நவம்பர் 12. விடியற்காலையில் பிடித்த மாரி மழை நண்பகல் கடந்தும் ஓயவில்லை. துறைமுகத்தின் மீது வானம் கறுத்துக் கவிந்திருந்தது.

"'வித்' எண்ட சொல்லை விட்டிடாதேங்கோ, இராசமலர்! விட்டால் கருத்தே மாறிப்போம்," என்றார் அருளம்பலம் மாஸ்ரர். குடைக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில், இராணுவ முகாமின் வாசல் தெரிந்தது.

"யூ ஹாவ் கொன்பியூஸ்ட் மை சன் வித் அனதர்," என்று அவள் மீண்டும் ஒப்புவித்தாள். குரல் நடுங்கியது, சொல் பிசகவில்லை.

'கொன்பியூஸ்' என்ற அந்த வினைச்சொல்லுக்கு மாஸ்ரர் மூன்று பொருள் கற்பித்திருந்தார். ஒருவரைத் திகைக்க வைத்தல். ஒரு விடயத்தைக் குழப்பியடித்தல். ஒருவரை இன்னொருவரென மாறி எண்ணுதல். அவளுக்கு வேண்டியிருந்தது மூன்றாவது: என் மகனை வேறொருவனென மாறி எண்ணிவிட்டீர்கள்.

அவளுடைய ஒரே மகன் யோகலிங்கத்தைச் சுற்றிவளைப்பில் கொண்டுபோயிருந்தார்கள். தேடப்பட்டவனோ அதே பெயருடைய வேறொருவன். முகாமின் பெரிய அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவளுக்குச் சிங்களம் தெரியாது. ஆகவேதான் அந்த ஓர் ஆங்கில வசனத்தைக் கற்பதற்காக இலங்கைத்துறைக் கிராமத்திலிருந்து நகரத்து ஓர்ஸ் ஹில்லுக்கு வந்து, முன்பின் அறியாத மாஸ்ரரின் வீட்டு விறாந்தையில் ஒரு கிழமையாகக் கிடந்தாள்.

"நீங்களும் வாங்கோவன், மாஸ்ரர்."

"உரித்துக்காரர் ஒராளைத்தான் விடுவாங்கள். பயப்பிடாதேங்கோ. நான் படிப்பிச்ச இங்கிலீசு ஆளைக் கைவிடாது."

"பெடியன் இல்லாமல் நான் வெளியில வரமாட்டன்," என்றாள் இராசமலர். தீபாவளிக்கென மகனுக்குத் தைப்பித்த சேட்டை நெஞ்சோடு அணைத்தபடி மழைக்குள் நடந்தாள்.

மாஸ்ரர் காத்திருந்தார். மழை வலுத்தது, குடை ஒழுகியது. ஒருவேளை 'வித்'தை விட்டுவிட்டாளோ என்ற எண்ணம் எழுந்தபோது வாசலை நோக்கி இரண்டடி முன்னே நகர்ந்தார்.

இறுதியில் வாசல் திறந்தது. இராசமலர் ஓர் இளைஞனின் கையை இறுகப் பற்றியவாறு வெளியே வந்தாள். அவன் கன்னம் வீங்கியிருந்தது. புதுச் சேட்டின் தோள்கள் அவனுடைய முழங்கையை நோக்கி வழிந்தன.

"சாப்பாடு குடுக்காமல் பெடியனை உருக்கிப்போட்டாங்கள்," என்று மாஸ்ரர் முணுமுணுத்தார். ஆயினும் உள்ளம் துள்ளியது. "சொன்னனான்தானே? மூண்டாம் பொருள்!"

"ஓம், மாஸ்ரர். சொன்னவுடன அவர் சிரிச்சுப்போட்டு ஆளைக் கூட்டிவரச் சொன்னவர்." அவள் இளைஞனின் பக்கம் திரும்பினாள். "கதையாதை, தம்பி. குனிஞ்சபடி நட."

கடற்கரை வீதியில் அவர்கள் விரைந்தார்கள். இராசமலர் மட்டும் அடிக்கடி நின்று முகாமைத் திரும்பிப் பார்த்தாள். யாரேனும் பின்தொடர்கிறார்களோ என அஞ்சுகிறாள் என்று மாஸ்ரர் எண்ணிக்கொண்டார்.

"மாஸ்ரர்," என்றாள் திடீரென்று. "ஆளைக் கொண்டுவந்து விட்ட பிறகு, அந்த வசனத்தை ரெண்டாந்தரமும் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?"

"உங்களுக்கென்ன விசரே? திருப்பி உள்ளுக்குக் கொண்டுபோய்ப் போட்டிருப்பாங்கள்!"

"ஓம். அவன் என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டவன். எனக்கு வாய் வரேல்ல."

மாஸ்ரர் சிரித்தார். வாய் வராமற்போனதும் நல்லதற்கே. கற்ற வசனத்தை எங்கே நிறுத்துவது என்பதும் கல்வியின் பாற்பட்டதே என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

வீடு வந்ததும் அவர் கதவைத் தாழிட்டார். இராசமலர் அவனைக் கதிரையில் இருத்தி, சேலைத் தலைப்பால் அவன் தலையைத் துவட்டினாள். துவட்டும்போதே அவளுடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. மகன் மீண்ட மகிழ்ச்சி என்று மாஸ்ரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இனிக் கதைக்கலாம், தம்பி," என்றாள் அவள்.

இளைஞன் தலை நிமிர்ந்தான். சுவர் மணிக்கூட்டில் அப்போது மாலை நான்கு மணி இருபது நிமிடம்.

"என்ர அம்மா செத்து மூண்டு வருசம். நீங்கள் ஆர்?"